திரும்பி வராதவன்

பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போவது எனக்கு ஒரு பழக்கம். வாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் போவேன். பழைய டிரங்க் ரோட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறவர்களிடம் இல்லாத பொருள் இல்லை. ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் மண்வெட்டிக் காம்பு. அதற்குப் பக்கத்தில் ஓடாத கடிகாரம். அதற்கும் பக்கத்தில் யாருடைய கல்யாணத்துக்கோ யாரோ பெயர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் குடம். ஒரு வீடு கலைந்தால் அதன் சாமான்கள் கடைசியாக ஒருமுறை வெயில் காய்வதற்கு இங்கே வருகின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, புத்தக மூட்டை ஒன்றைக் கிளறிக்கொண்டிருந்தபோது 'மாக்பெத்' கிடைத்தது. பரீட்சைக்குப் படிக்கிற பதிப்பு. அட்டை இல்லை.

"நாப்பது ரூபா குடுங்க சார். இங்கிலீஷ் புக்கு" என்றார் கடைக்காரர்.

அட்டை இல்லையே என்றேன். "அட்டையையா சார் படிக்கப் போறீங்க?" என்றார். இருபதுக்கு வாங்கி வந்தேன்.

இதற்கு முன் இதைச் சொந்தமாக வைத்திருந்தவர் யாரோ தெரியாது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு நேரே 'முக்கியம்', 'மிக முக்கியம்' என்ற வழக்கமான குறிப்புகள். ஆனால் மூன்றாம் அங்கத்தின் நடுவில் ஓர் இடத்தில் மட்டும், பரீட்சைக்குச் சம்பந்தமே இல்லாமல், தமிழில் ஒரு கேள்வி எழுதியிருந்தது: 'இவன் ஏன் திரும்பி வரவில்லை?'

இந்தக் கேள்வி என்னைச் சில மாதங்கள் விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதை தெரிந்ததுதான். ஸ்காட்லாந்துச் சேனாபதி மாக்பெத் யுத்தத்தில் ஜெயித்துத் திரும்பும்போது மூன்று சூனியக்காரிகள் வழிமறித்து, நீ அரசனாவாய் என்கிறார்கள். மனைவிக்குக் கடிதம் எழுதுகிறான். அன்றைக்கே அரசன் டங்கன் அவன் வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறான். இரவில் விருந்தாளியைக் குத்திக் கொன்றுவிட்டு அரசனாகிறான். பிறகு நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்புகிறான். பிறகு மாக்டஃப் என்ற பிரபுவின் மனைவி மக்களை. கடைசியில் மாக்டஃபின் கையால் சாகிறான். ஷேக்ஸ்பியரின் சோக நாடகங்களில் இதுதான் மிகச் சிறியது. சார்லஸ் லாம்பும் அவர் சகோதரி மேரியும் 1807-ல் வெளியிட்ட கதைத் தொகுப்பின் வழியாக நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இது பல தலைமுறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. அப்போது எனக்குச் சூனியக்காரிகளின் கொப்பரையில் மட்டுமே சுவாரசியம்.

பெரியவனான பிறகு படித்தபோதுதான் விசித்திரம் தெரிந்தது. இந்த நாடகத்தில் கொலைகாரனுக்குத் தான் செய்யப் போவது தவறு என்பது கொலைக்கு முன்பே முழுக்கத் தெரியும். விருந்தாளி, உறவினன், அரசன், அதிலும் நல்ல அரசன் என்று தனக்குத்தானே ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறான். கொல்லக் கூடாததற்கு இத்தனை காரணம் இருக்கிறது, கொல்லுவதற்கு ஆசை ஒன்றுதான் இருக்கிறது என்று அவனே தீர்ப்பும் சொல்லிவிடுகிறான். சொல்லிவிட்டுப் போய்க் கொல்லுகிறான்.

கொலை மேடையில் நடப்பதில்லை. அவன் வெளியே வருகிறான், கையில் ரத்தம். இனித் தனக்குத் தூக்கமில்லை என்று ஒரு குரல் கேட்டதாகப் பிதற்றுகிறான். கத்திகளை அங்கேயே போட்டுவிட்டு வரத் தெரியாமல் கையோடு கொண்டுவந்துவிடுகிறான். அவள் திட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போகிறாள். அந்த நேரத்தில் வெளிக்கதவை யாரோ தட்டுகிறார்கள். தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தச் சத்தம் ஏன் இத்தனை பயங்கரமாக இருக்கிறது என்று டி குவின்ஸி 1823-ல் ஒரு கட்டுரையே எழுதினார். கொலை நடந்த நேரத்தில் உலகம் நின்றுபோயிருந்தது, தட்டும் சத்தம் கேட்டதும்தான் அது மறுபடி ஓடத் தொடங்குகிறது என்பது அவர் விளக்கம். என் அபிப்பிராயத்தில் இன்னும் எளிமையான காரணம் ஒன்று உண்டு. கதவைத் தட்டுகிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. நாளைக் காலையிலிருந்து ஒன்றும் தெரியாத ஜனங்களோடு சாதாரணமாகப் பேசியாக வேண்டும். அதுதான் பயங்கரம்.

இந்த மாக்பெத் உண்மையில் யார் என்று பார்த்தால் சரித்திரம் வேறு கதை சொல்கிறது. டங்கன் கிழவன் அல்ல. படுக்கையில் சாகவும் இல்லை. மாக்பெத்தின் மொரே பிரதேசத்தின்மேல் படையெடுத்து வந்து, 1040-ல் எல்ஜின் பக்கத்தில் கொல்லப்பட்டான். அதன்பின் மாக்பெத் 17 வருஷம் ஆண்டான். 1050-ல் ரோமாபுரிக்கு யாத்திரை போய், விதை தூவுகிற மாதிரி ஏழைகளுக்குக் காசை வாரி இறைத்தான் என்று அந்தக் காலத்துத் துறவி ஒருவர் குறித்துவைத்திருக்கிறார். பின்னால் எப்போது எதிரி நுழைவானோ என்று நடுங்கிக்கொண்டிருந்தவன் ராஜ்யத்தை விட்டுவிட்டு அத்தனை தூரம் போயிருக்க முடியாது. 1057-ல் டங்கனின் மகன் மால்கமோடு நடந்த சண்டையில் மாண்டான். அவன் ஆண்ட காலத்தின் தொடக்கத்தில் நம் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் உயிரோடு இருந்தான் என்று சொன்னால் காலம் புரியும்.

தூக்கத்தில் நடந்து வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற அந்த ராணிக்கும் சரித்திரத்தில் ஒரு பெயர் உண்டு: குரூக். அவளைப் பற்றி மிச்சமிருக்கிற ஆவணம் கொலை சம்பந்தப்பட்டது அல்ல. லாக் லெவன் என்ற ஏரித் தீவில் இருந்த துறவிகளுக்குக் கணவனும் மனைவியுமாக நிலம் எழுதிவைத்த தான சாசனம். நம் ஊர்க் கோவில் சுவர்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு தெரிந்த சமாசாரம்!

பிறகு படுக்கையறைக் கொலை எங்கிருந்து வந்தது? ஹாலின்ஷெட் என்பவரின் சரித்திரத் தொகுப்பை ஷேக்ஸ்பியர் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார். அதில் டங்கனுக்கு வெகு காலத்துக்கு முன் வாழ்ந்த டஃப் என்ற அரசனை, டான்வால்ட் என்பவன் தன் கோட்டையில், மனைவியின் தூண்டுதலால், காவலாளிகளைக் குடிக்கவைத்துக் கொன்ற கதை இருக்கிறது. அதை எடுத்து இவன் தலையில் கட்டிவிட்டார். இன்னொரு வேலையும் செய்தார். ஹாலின்ஷெட் நூலில் பாங்கோவும் சதியில் கூட்டாளி. ஆனால் 1603-ல் இங்கிலாந்தின் சிம்மாசனத்தில் ஏறிய ஜேம்ஸ் மன்னர் பாங்கோவின் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர். ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவுக்கே 'அரசரின் குழு' என்ற அந்தஸ்தைக் கொடுத்தவர். ஆகவே நாடகத்தில் பாங்கோ உத்தமனாகிவிட்டான். அந்தப் பாங்கோவோ ஆள் இருந்ததற்கே ஆதாரம் இல்லாத கற்பனை. பேராசையைப் பற்றிய நாடகத்துக்குள்ளேயே ஆசிரியரின் சிறிய ஆசை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இதை நான் அதிகம் இகழ்வதற்கில்லை.

ஆக, அந்தக் குற்ற உணர்ச்சி மாக்பெத்துடையது அல்ல. அது ஷேக்ஸ்பியர் கண்டுபிடித்துக் கொடுத்தது.

நம் பக்கத்திலும் குற்றம் செய்த அரசர்கள் உண்டு. சிலப்பதிகாரத்துப் பாண்டியன், கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணத்திலேயே சிம்மாசனத்திலிருந்து விழுந்து உயிரை விடுகிறான். மனுநீதிச் சோழன் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இடுகிறான். குற்றம் தெரிவதற்கும் தண்டனைக்கும் நடுவில் இடைவெளியே கிடையாது. இதைப் படித்து வளர்ந்த நமக்கு, தவறு என்று தெரிந்துவிட்டால் மனிதன் நிற்க மாட்டான், செத்துவிடுவான் அல்லது திருந்திவிடுவான் என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. புத்தகத்தின் ஓரத்தில் கேள்வி எழுதிய அந்தப் பையனுக்கும் (பெண்ணாகவும் இருக்கலாம், கையெழுத்து அழகாக இருந்தது) இந்த நம்பிக்கைதான் இருந்திருக்க வேண்டும். பாண்டியன் விழுந்தானே, இவன் ஏன் விழவில்லை?

ஆனால் கல்வெட்டில் வருகிற அரசர்கள் காவியத்து அரசர்கள் அல்ல. ஏறக்குறைய 970-ஐ ஒட்டி, சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். வீரபாண்டியன் தலை கொண்டவன் என்று பெயர் பெற்ற வீரன். அவனுக்குப் பின் பட்டத்துக்கு வந்தவர் தம்பி அருள்மொழி அல்ல; சிற்றப்பா முறையான உத்தம சோழர். சுமார் 15 வருஷம் ஆண்டார். 985-ல் அருள்மொழி ராஜராஜனாக முடிசூடினான். அவனுடைய இரண்டாம் ஆட்சியாண்டில் பொறித்த கல்வெட்டு ஒன்று காட்டுமன்னார்கோவில் பக்கத்து உடையார்குடிக் கோவிலில் இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பஞ்சவன் பிரமாதிராஜன் போன்ற பெரிய பட்டங்களைப் பெற்ற அதிகாரிகள். அவர்களும் அவர்கள் சுற்றத்தாரும் வைத்திருந்த நிலங்களைப் பறிமுதல் செய்து விற்க ஏற்பாடு நடந்தது. அத்தனை வருஷம் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்ட நீலகண்ட சாஸ்திரியார், உத்தம சோழரின்மேல் சந்தேகத்தின் நிழலைப் படரவிட்டார். அது அநியாயம், கல்வெட்டு அவரைச் சொல்லவே இல்லை என்று வாதாடிய அறிஞர்களும் உண்டு. எனக்கும் பின்னவர் கட்சிதான் பிடிக்கிறது. பலன் பெற்றவன் எல்லாம் குற்றவாளி என்றால் உலகில் யாரும் தப்ப முடியாது.

ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு இதே சாவைப் பற்றி என்ன சொல்கிறது தெரியுமா? ஆதித்தனுக்குச் சொர்க்கத்தைப் பார்க்க ஆசை வந்தது, போய்விட்டான் என்கிறது. ஒரு கொலையை இத்தனை மரியாதையாகச் சொன்ன வாக்கியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னிலும் அந்த அறையில் விளக்கு அணைந்துவிடுகிறது. யார் குத்தினார்கள் என்று வாசகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். யார் என்பதில்தான் நமக்கு அக்கறை. குத்தியவன் மறுநாள் எப்படிச் சாப்பிட்டான் என்று யாரும் கேட்டதில்லை. நிலத்தின் அளவு கல்லில் இருக்கிறது. அந்த மனிதர்களின் 15 வருஷ இரவுகள் எதிலும் இல்லை.

அந்த இரவுகளைத் தமிழில் பேசவைக்க முதலில் முயன்றவர்களில் ஒருவர் நான் புத்தகம் வாங்கிய சந்தைக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்பது எனக்குச் சந்தோஷமான விஷயம். பம்மல் சம்பந்த முதலியார் 1873-ல் பிறந்தவர். சிறு வயதில் தமிழ் நாடகம் என்றாலே அவருக்குப் பிடிக்காது. 1891-ல் பல்லாரி கிருஷ்ணமாசார்லு குழுவினர் சென்னையில் போட்ட தெலுங்கு நாடகங்களைப் பார்த்த பிறகு மனசு மாறியது. அதே வருஷம் ஜூலை 1-ந் தேதி நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடை ஏறலாம், அதில் கௌரவக் குறைவு இல்லை என்று காட்டிய சபை அது. தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். 'ஹாம்லெட்' அவரிடத்தில் 'அமலாதித்யன்' ஆயிற்று. 'மாக்பெத்' 'மகபதி' ஆயிற்று. ஒலியையும் விடாமல், ராஜ வம்சத்துப் பெயர் மாதிரியும் அமைந்துவிட்ட அந்தப் பெயரைப் பாருங்கள்! 1959-ல் பத்மபூஷண் பெற்றார், 1964-ல் காலமானார்.

அந்நாளைய தமிழ் மேடை பாட்டு மேடை. துக்கம் வந்தாலும் பாட்டு, கோபம் வந்தாலும் பாட்டு. பாட்டில் அழலாம், புலம்பலாம். ஆனால் இரண்டு பக்கமும் எடை போட்டு, வேண்டாம் என்று முடிவு செய்து, அப்புறம் அதையே செய்கிற ஒரு மனத்தைப் பாட்டில் காட்டுவது கடினம். அதற்கு வசனம் வேண்டும். ஒரு மனிதன் தனியாக நின்று தன்னோடு பேச வேண்டும். முதலியார் வசனத்துக்கு மேடையில் இடம் பிடித்துக் கொடுத்தார். அவர் வக்கீல், பிறகு சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் இருந்தார். வாடகைப் பாக்கிக்கும் புரோநோட்டுக் கடனுக்கும் கூசாமல் பொய் சொல்லுகிற ஜனங்களைத் தினமும் பார்க்கிற இடம். கூண்டில் நிற்கிறவன் தன்னோடு தான் பேசுவதைக் கோர்ட்டில் கேட்க முடியாது. மேடையில் முடியும்.

அவருடைய 'மனோகரா'வையே எல்லோருக்கும் தெரியும், 1954-ல் சிவாஜி கணேசன் நடித்த படத்தின் புண்ணியத்தால். அதிலும் ராஜ்ய ஆசை இருக்கிறது. வசந்தசேனை தன் அசட்டு மகனுக்காகச் செய்கிற சதி இருக்கிறது. ஆனால் அவள் கெட்டவள், அவ்வளவுதான். கூட்டம் அவளைத் திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். மகபதியைத் திட்டிவிட்டு அப்படிப் போக முடியாது. கொலைக்கு முன் அவன் சொன்னதெல்லாம் நம் மனசாட்சி சொல்கிற அதே வார்த்தைகள் அல்லவா?

இந்த வட்டாரத்தில் நாடகாசிரியர் வாசம் பழையது. பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த குகை இருக்கிறது. பின்னாளில் அது தர்கா ஆகிவிட்டது. அவனுடைய விருதுப் பெயர்கள் அங்கே பொறித்திருக்கின்றன. 'மத்தவிலாச'ப் பிரகசனம் எழுதியவன் அவனே. தொலைந்துபோன கபாலத்துக்காகக் குடிகாரக் காபாலிகன் ஒருவன் பௌத்த பிக்ஷுவோடு காஞ்சித் தெருவில் சண்டை போடுகிற கதை. நியாயஸ்தலத்துக்குப் போகலாம் என்று பேச்சு வரும்போது, விகாரைச் சொத்தைக் கொண்டு இவன் அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான், நமக்கு அங்கே என்ன கிடைக்கும் என்கிறாள் காபாலிகனின் தோழி. ஓர் அரசன் தன் கோர்ட்டைப் பற்றித் தானே எழுதியது! லஞ்சம் அவனுக்குச் சிரிப்பு. சிரிப்பதும் ஒரு வழிதான். ஆனால் அது எப்போதும் அடுத்தவன் குற்றத்தைப் பார்த்துச் சிரிப்பது.

இப்போது என் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுத்து சோறு போடாத நாட்களில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இன்னும் நிரந்தரமாகவில்லை. வருஷக் கணக்கில் ஒரு தொகை உதைத்தது. தவறு என்னுடையது; ஒரு பக்கத்துக் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும்போது இரண்டு எண்களை மாற்றி எழுதியிருந்தேன். என்னை உட்காரவைத்து வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர், கண்ணில் புரை வளர்ந்திருந்தவர், அந்தப் பேரேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார். மானேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது, "எனக்குத் தெரியாது சார், அண்ணன்தான் சரிபார்த்தார்" என்றேன். அது பொய்கூட இல்லை. அவரை ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். என்னை நிரந்தரமாக்கினார்கள்.

அன்று இரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. ஷேக்ஸ்பியர் இந்த இடத்தில் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார் என்றுதான் வெகு நாள் நினைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று. "வா தம்பி, வேலை நிரந்தரமாயிடுச்சாமே" என்று அவர் முந்திக்கொண்டார். அவர் மனைவி காப்பி கொடுத்தார். இப்போது சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே. அதற்கு வேறு பதில் வேண்டும். அந்தப் பதிலை யோசிப்பதற்குள் காப்பி முடிந்துவிட்டது. கண் ஆபரேஷனுக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று பேசிவிட்டு வந்தேன். அப்புறம் அந்தத் தெரு வழியாகவே போகாமல் இருந்துவிட்டேன். பார்த்தவர்கள் கேட்டால், வேலை அதிகம் என்று சொல்லுவேன். ஒவ்வொன்றும் சின்னச் சின்னதுதான்.

புத்தகத்தில் அந்தக் கேள்வி எழுதியிருந்த இடம் எது தெரியுமா? பாங்கோவின் ஆவி வந்து விருந்தைக் கெடுத்துவிட்டுப் போன பிறகு, எல்லோரும் கலைந்து, கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள். இவ்வளவு தூரம் ரத்தத்தில் இறங்கி நடந்தாகிவிட்டது, இனித் திரும்பிப் போவதும் மேலே போவதைப் போலவே அலுப்பான காரியம் என்கிறான் மாக்பெத். அலுப்பு! ஆசை இல்லை, வெறி இல்லை, பயம்கூட இல்லை. திரும்பி வருவதற்கு எத்தனை அடி வைக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறான், கட்டுப்படியாகவில்லை. முதல் கொலைக்கு அவன் அத்தனை வாதம் செய்தான். மாக்டஃபின் பிள்ளைகளைக் கொல்ல உத்தரவிடும்போது ஒரு வாதமும் இல்லை. இனி யோசிக்கப் போவதில்லை என்றே சொல்லிவிடுகிறான். கெட்டுப்போவது என்றால் நாற்றமெடுப்பது என்று நினைத்திருந்தேன். அது வெறும் சுருக்கெழுத்து மாதிரி இருக்கிறது. நடுவில் உள்ள எழுத்துக்கள் ஒவ்வொன்றாக விழுந்துவிடுகின்றன.

அவன் மனைவிக்கு நேர்மாறாக நடக்கிறது. கொலை இரவில் கொஞ்சம் தண்ணீர் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றவள் அவள். ஐந்தாம் அங்கத்தில் விளக்கைக் கையிலேந்தி, கண் திறந்தபடி தூக்கத்தில் வருகிறாள். இல்லாத கறையைக் கழுவுகிறாள். வைத்தியர் பார்க்கிறார், இது தம் வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது என்று ஒதுங்கிக்கொள்கிறார். அவளால் அலுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் இறந்த செய்தி வரும்போது அவன் அழவில்லை. அவனுக்கு வாழ்க்கையே அர்த்தமில்லாத பிதற்றலாகத் தோன்றுகிறது. தத்துவம் என்று அந்த இடத்தைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கோ அது அழத் தெரியாமல் போன ஒருவனின் பேச்சாகவே கேட்கிறது.

நான் அந்தப் பெரியவர் வீட்டுக்கு மறுபடியும் போனேன், வெகு காலம் கழித்து. வேறு யாரோ குடியிருந்தார்கள். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது என்றார்கள்.

புத்தகம் வாங்கியதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி சந்தைக்குப் போனேன். அதே கையெழுத்தில் வேறு புத்தகம் ஏதாவது இருந்தால் வாங்கிவிடலாம், ஒருவேளை 'ஹாம்லெட்'டிலும் ஏதாவது கேட்டிருப்பார் என்று ஒரு சபலம். கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது.

"அந்த மூட்டையா சார்? மிச்சத்தை அப்பவே பேப்பர்காரன் எடை போட்டு எடுத்துக்கிட்டுப் போயிட்டான். வேற எதுனா பாருங்க" என்றார்.

பக்கத்தில் கோழிக் கூண்டு ஒன்று கிடந்தது. அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்தேன்.